எக்ஸிட் கோடு: நிரல்களையும் ஷெல் அமர்வுகளையும் முடிப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் நான் நடத்தும் மாலை நேர லினக்ஸ் வகுப்புக்குக் காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று பழைய வட ஆற்காட்டின் பல ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். பெரும்பாலோர் தோல் ஏற்றுமதி அலுவலகங்களிலும் மொத்த மருந்துக் கடைகளிலும் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியுள்ளேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்ட வேண்டும்.

எக்ஸிட் கோடு என்பது என்ன? அதை எங்கே பார்ப்பது?

ஒவ்வொரு நிரலும் முடியும்போது தன்னைத் தொடங்கிவைத்த தாய் நிரலிடம் ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. அதுவே எக்ஸிட் கோடு. இப்பக்கத்தில் அதை முடிவு எண் என்றும் சொல்கிறேன். டெர்மினலில் நீங்கள் ஒரு கட்டளை கொடுத்தால் அதற்குத் தாய், கட்டளைகளை வாங்கி நடத்தும் நிரலாகிய உங்கள் ஷெல்தான். ஷெல் அந்த எண்ணை வாங்கி, டாலரும் கேள்விக்குறியும் சேர்ந்த $? என்ற மாறியில் வைத்துக்கொள்கிறது. கட்டளை முடிந்ததும் "எக்கோ $?" என்று தட்டினால் எண் தெரியும்.

இங்கே புதியவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "எக்கோ" என்பதும் ஒரு கட்டளைதான், அதற்கும் ஒரு முடிவு எண் உண்டு. இல்லாத கோப்பு ஒன்றை "எல்எஸ்" கொண்டு பட்டியலிடச் சொல்லிவிட்டு "எக்கோ $?" தட்டினால் 2 என்று வரும், அதே வரியை மறுபடி தட்டினால் 0 என்று வரும், ஏனெனில் இப்போது நீங்கள் பார்ப்பது முதல் எக்கோவின் முடிவு. ஆகவே எண் பின்னால் தேவைப்படும் என்றால், அடுத்த வரியிலேயே அதை வேறொரு மாறியில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

வெற்றிக்கு 0 என்றும் தோல்விக்கு மற்ற எண்கள் என்றும் வைத்திருப்பது ஏன்? தலைகீழாகத் தோன்றுகிறதே?

ஒரு வேலை நன்றாக முடிவதற்கு ஒரே வழிதான் உண்டு, கெட்டுப்போவதற்கு நூறு வழிகள் உண்டு. வெற்றிக்கு ஒரே எண்ணை ஒதுக்கிவிட்டால், 1 முதல் 255 வரை உள்ள அனைத்தையும் என்ன கெட்டது என்று சொல்லப் பயன்படுத்தலாம். சி மொழியில் 0 என்பது பொய், மற்றவை மெய். ஷெல்லில் 0 என்பது வெற்றி. இரண்டையும் ஒரே நாளில் கற்பவர்களுக்கு இது குழப்பும். சில நாள் எழுதினால் பழகிவிடும்.

ஸ்கிரிப்ட் என்பது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு. எதுவுமே செய்யாத ஸ்கிரிப்டின் முடிவு எண்ணும் 0தான். 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், எப்போதும் வெற்றியைத் தெரிவிக்கும் "ட்ரூ" என்ற கட்டளை ஒரு வெற்றுக் கோப்பாகவே இருந்தது.

256 அல்லது 1000 என்று எண் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அது அப்படியே போய்ச் சேராது. தாய் நிரலுக்குக் கிடைப்பது 8 பிட்டுகள் மட்டுமே, அதாவது 0 முதல் 255 வரை. "எக்ஸிட் 256" என்றால் 256ஆல் வகுத்த மீதியாகிய 0 போய்ச் சேரும். "எக்ஸிட் 257" என்றால் 1. சி நிரல் ஒன்று -1 என்று திருப்பினால் ஷெல்லில் 255 என்று தெரியும்.

இதைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. சோதனை ஸ்கிரிப்ட் எழுதும் சிலர், தோற்ற சோதனைகளின் எண்ணிக்கையையே முடிவு எண்ணாகக் கொடுக்கிறார்கள். சரியாக 256 சோதனைகள் தோற்கும் நாளில் அந்த ஸ்கிரிப்ட் எல்லாம் நலம் என்று அறிவித்துவிடும். எண்ணிக்கையைத் திரையில் எழுதுங்கள், முடிவு எண்ணாக 1 கொடுங்கள்.

1 என்று வந்தால் ஏதோ கெட்டுவிட்டது என்றுதான் பொருளா?

இல்லை. அந்தந்த நிரலின் கையேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கோப்பில் சொல் தேடும் கிரெப், தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, தேடவே முடியாமல் போனால் 2 என்று சொல்லும். இரு கோப்புகளை ஒப்பிடும் டிஃப், அவை ஒன்றாக இருந்தால் 0, வேறுபட்டால் 1, சிக்கல் என்றால் 2.

வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சி இது. வேலூர் மாவட்ட வட்டங்களின் பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதிவைத்து, ஆம்பூர் என்று கிரெப் கொண்டு தேடச் சொல்வேன். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டதால், 1 வரும். இது பிழையன்று, கேட்ட கேள்விக்கு "இல்லை" என்ற சரியான விடை. பிறகு கோப்பின் பெயரைத் தவறாகத் தட்டித் தேடச் சொல்வேன். இப்போது 2 வரும். இது விடையே அன்று, கேள்வியே போய்ச் சேரவில்லை என்று பொருள். பட்டியலில் இல்லாத ஊர் என்று கருதி ஒரு வாடிக்கையாளரை நீக்கும் ஸ்கிரிப்ட், 1ஐயும் 2ஐயும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்: கோப்பு காணாமல் போன நாளில் எல்லா வாடிக்கையாளர்களும் நீக்கப்படுவார்கள்.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. கர்ல் கொண்டு ஓர் இணையப் பக்கத்தைக் கேட்கும்போது, சர்வர் 404, அதாவது அப்படி ஒரு பக்கம் இல்லை, என்று கைவிரித்தாலும் கர்லின் முடிவு எண் 0தான், ஏனெனில் அதன் பார்வையில் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. "ஃபெயில்" என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் அது 22 என்று தோல்வியைச் சொல்லும்.

126, 127, 130, 137 போன்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன?

இவை பெரும்பாலும் ஷெல் தானே சொல்பவை. அந்தப் பெயரில் கட்டளையே இல்லை என்றால் 127. கோப்பு இருக்கிறது ஆனால் இயக்க அனுமதி இல்லை என்றால் 126. ஸ்கிரிப்டை எழுதிவிட்டு, இயக்க அனுமதி தரும் "சிஎச்மாட்" போட மறந்தவர்கள் 126ஐ நன்கு அறிவார்கள்.

நிரல் தானாக முடியாமல், ஓடும் நிரலுக்கு அனுப்பப்படும் எண்ணிட்ட அறிவிப்பாகிய சிக்னலால் கொல்லப்பட்டால், ஷெல் 128உடன் சிக்னலின் எண்ணைக் கூட்டிச் சொல்கிறது. கண்ட்ரோல் சி அழுத்தினால் சிக்னல் 2, ஆகவே 130. "கில்" கட்டளை வழக்கமாக அனுப்பும் சிக்னல் 15, ஆகவே 143. நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டால் சிக்னல் 11, ஆகவே 139. "கில் -9" என்றால் 137. நீங்கள் யாரும் அதைத் தட்டாமலேயே 137 வந்தால், நினைவகம் தீர்ந்துபோய், இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னலே அந்த நிரலைக் கொன்றிருக்க வாய்ப்பு அதிகம். கர்னலின் பதிவுகளை "டிமெசேஜ்" கட்டளையில் பார்த்தால் தெரிந்துவிடும்.

எடுத்தவுடன் 9ஐப் பயன்படுத்தும் பழக்கத்தை விட்டுவிடுமாறு எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். 15 அனுப்பினால் நிரலுக்குக் கையிலிருக்கும் கோப்புகளை மூடவும் தரவுத்தளத்தை ஒழுங்கு செய்யவும் நேரம் கிடைக்கிறது. 9க்கு அந்த இடமே இல்லை.

பைப் போட்டு இணைத்த கட்டளைகளில் யாருடைய எண் வரும்?

பைப் என்பது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு உள்ளீடாக அனுப்பும் வழி. வருவது கடைசிக் கட்டளையின் எண் மட்டுமே. இந்த ஒரு வரியை நான் ஏட்டில் படித்திருந்தும், கைசுட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலையின் கணக்கு அலுவலகத்துக்கு இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். தரவுத்தளத்தைப் பிரதியெடுக்கும் மைஎஸ்கியூஎல் டம்ப் கட்டளையின் வெளியீட்டைப் பைப் வழியாக, சுருக்கும் நிரலான ஜிஜிப்புக்கு அனுப்பி, தேதியிட்ட கோப்பில் சேமிக்கும். பிறகு முடிவு எண் 0 என்றால் 30 நாளைக்கு முந்தைய கோப்புகளை அழிக்கும். ஒருநாள் யாரோ தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றினார்கள். அன்று முதல் டம்ப் உள்ளே நுழைய முடியாமல் 2 என்று சொல்லி வெளியேறியது. ஜிஜிப்புக்கு எந்தத் தரவும் வரவில்லை. ஆனால் வெறுமையைச் சுருக்குவதும் அதற்கு ஒரு வேலைதான், அதைக் குறையில்லாமல் செய்து 0 சொன்னது. ஸ்கிரிப்ட் அந்த 0ஐ நம்பி, ஒவ்வோர் இரவும் ஒரு நல்ல பழைய பேக்கப்பை அழித்து ஒரு வெறும் கோப்பை வைத்தது.

வட்டு கெட்டுப்போன பிறகுதான் அந்த அடைவைத் திறந்து பார்த்தேன். "எல்எஸ் -எல்" பட்டியலில் கோப்பின் அளவு இருக்க வேண்டிய இடத்தில் 20, 20, 20 என்று மேலிருந்து கீழ்வரை ஒரே எண். ஒன்றுமில்லாததை ஜிஜிப் சுருக்கினால் கிடைப்பது சரியாக 20 பைட்டுகள். தலைப்பு 10, உள்ளே 2, இறுதியில் 8. கணக்குப் பிரிவில் இருந்த அக்காமார்கள் இருவர் காகித வவுச்சர்களை அடுக்கிவைத்துக்கொண்டு பதினொரு நாள் மறுபடி உள்ளிட்டார்கள். அந்த ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி குறைவாக இருந்தது.

அந்த வரி "செட் -ஓ பைப்ஃபெயில்". இதை ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் போட்டால், பைப்பில் உள்ள எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்தமும் தோல்வியாகும். பல தோற்றால் வலக்கோடியில் தோற்றதன் எண் வரும். ஒவ்வொன்றின் எண்ணும் தனித்தனியே வேண்டும் என்றால் பாஷ் ஷெல்லில் "பைப்ஸ்டேட்டஸ்" என்ற அணி இருக்கிறது. பைப்ஃபெயில், யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பாசிக்ஸ் தரநிலையின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டுவிட்டாலும், பழைய ஷெல்கள் பலவற்றில் கிடையாது. உபுண்டுவில் "எஸ்எச்" என்பது டாஷ் ஷெல்லையே குறிக்கும் என்பதால், ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்றே எழுதுவது நல்லது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பைப்பின் கடைசியில் "ஹெட்" போட்டு முதல் பத்து வரிகளை மட்டும் எடுத்தால், ஹெட் முன்னதாகவே முடிந்துவிட, முன்னால் எழுதிக்கொண்டிருந்த நிரல் சிக்னல் 13ஆல் கொல்லப்படலாம்; பைப்ஃபெயில் இருந்தால் மொத்தமும் 141 என்று முடியும். அது தோல்வியன்று என்பதை அந்த இடத்தில் நீங்கள்தான் எழுதிக்காட்ட வேண்டும்.

"செட் -இ" போட்டுவிட்டால் எந்தப் பிழையிலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும் அல்லவா?

பல இடங்களில் நிற்கும், எல்லா இடங்களிலும் நிற்காது. "இஃப்" அல்லது "வைல்" நிபந்தனையில் உள்ள கட்டளை தோற்றால் நிற்காது; "&&" அல்லது "||" குறிகளுக்கு இடப்பக்கம் உள்ளது தோற்றால் நிற்காது. நீங்கள் எழுதிய ஒரு ஃபங்ஷனை "இஃப்" நிபந்தனையில் அழைத்தால், அந்த ஃபங்ஷனுக்குள் இருக்கும் எந்த வரி தோற்றாலும் நிற்காது. இதை அறியாமல் ஏமாந்தவர்கள் அதிகம். ஃபங்ஷனுக்குள் "லோக்கல்" என்று அறிவிக்கும் அதே வரியில் ஒரு கட்டளையின் வெளியீட்டை மாறியில் வாங்கினால், வருவது லோக்கலின் 0. கட்டளையின் தோல்வி அதற்கடியில் மறைந்துவிடும். அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பு வாங்குவதை மறு வரியிலும் எழுதினால் தீரும்.

நிற்கக் கூடாத இடத்தில் நிற்பதும் உண்டு. 0இல் தொடங்கும் ஓர் எண்ணியை இரட்டை அடைப்புக்குள் "++" போட்டுக் கூட்டினால், முதல் முறை அந்தக் கோவையின் மதிப்பு 0 என்பதால் ஷெல் அதைத் தோல்வியாக, 1 என்று எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

நான் செட் -இ போடுகிறேன், ஆனால் அதை நம்பி உறங்குவதில்லை. அழிப்பது, மேலெழுதுவது, அனுப்புவது ஆகிய மூன்று வேலைகளுக்கு முன்னால் முடிவு எண்ணை வெளிப்படையாகச் சோதிக்கிறேன்.

"எக்ஸிட்" எழுதினேன், டெர்மினலே மூடிக்கொண்டது. ஏன்?

அந்த ஸ்கிரிப்டை நீங்கள் "சோர்ஸ்" கட்டளை கொண்டு ஓட்டியிருப்பீர்கள். அப்படி ஓட்டினால் தனி ஷெல் எதுவும் பிறப்பதில்லை; நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஷெல்லே வரிகளைப் படித்து நடத்துகிறது, ஆகவே எக்ஸிட் வந்ததும் அதுவே முடிகிறது. சோர்ஸ் செய்யப்படும் கோப்பிலும் ஃபங்ஷனுக்குள்ளும் "ரிட்டர்ன்" எழுத வேண்டும்.

இதற்கு நேர்மாறான புகாரும் வருகிறது: எக்ஸிட் எழுதியும் ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடுகிறது என்பார்கள். பார்த்தால், எக்ஸிட் வட்ட அடைப்புக்குள்ளோ, பைப்புக்குப் பின்வரும் "வைல்" சுற்றுக்குள்ளோ இருக்கும். அங்கே ஓடுவது ஒரு கிளை ஷெல். முடிவதும் அது மட்டுமே.

என் ஸ்கிரிப்டுக்கு எந்த எண்களைத் தேர்ந்தெடுக்கலாம்?

பொதுவான தோல்விக்கு 1, பயன்படுத்துபவர் விருப்பங்களைத் தவறாகக் கொடுத்தால் 2. பெரும்பாலான ஸ்கிரிப்டுகளுக்கு இவையே போதும். மேலும் வேண்டுமானால் 3 முதல் தொடங்கி, ஒவ்வொன்றின் பொருளையும் ஸ்கிரிப்டின் தலைப்பில் எழுதிவைக்கவும். பிஎஸ்டி யூனிக்ஸ் வழிவந்த 64 முதல் 78 வரையான மரபு ஒன்றும் உண்டு. அதில் 64 தவறான பயன்பாட்டையும் 75 பிறகு முயன்றால் சரியாகலாம் என்பதையும் குறிக்கும். ஷெல் தனக்கென வைத்துக்கொண்டிருக்கும் 126ஐயும் அதற்கு மேற்பட்டவற்றையும் தொடாதீர்கள். 124ஐ "டைம்அவுட்" கட்டளை, நேரம் கடந்ததைச் சொல்லப் பயன்படுத்துகிறது.

பைத்தானிலும் சி மொழியிலும் எப்படி?

பைத்தானில் "சிஸ்.எக்ஸிட்" கொண்டு எண்ணைக் கொடுக்கலாம். எண்ணுக்குப் பதிலாக ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால், அதைப் பிழை வெளியீட்டில் எழுதிவிட்டு 1 என்று முடியும். சிறு நிரல்களுக்கு இது மிகவும் வசதி. பிடிக்கப்படாத பிழையும் 1 என்றே முடியும். ஆனால் சிஸ்.எக்ஸிட் உள்ளுக்குள் ஒரு விதிவிலக்காகவே எழுப்பப்படுகிறது. எந்தப் பிழை என்று பெயர் சொல்லாத வெறும் "எக்ஸெப்ட்" மேலே இருந்தால் அதையும் பிடித்து விழுங்கிவிடும், நிரல் முடியாமல் ஓடும்.

சி மொழியில் "மெயின்" திருப்பும் எண்ணே முடிவு எண். 1999ஆம் ஆண்டின் தரநிலை முதல், ரிட்டர்ன் எழுதாமல் மெயினின் கடைசிக்கு வந்தாலும் 0 என்று கொள்ளப்படும். இதை நம்பி விட்டுவிடுவதை நான் ஏற்பதில்லை. கோப்பைத் திறக்க முடியாமல் போன நிரலும் வெற்றி என்று சொல்லிவிடும்.

விண்டோஸில் இதே முறைதானா?

கருத்து ஒன்றுதான், விவரங்கள் வேறு. அங்கே முடிவு எண் 32 பிட். விண்டோஸின் ஸ்கிரிப்டாகிய பேட்ச் கோப்பில் "எரர்லெவல்" என்ற பெயரில் கிடைக்கும். "இஃப் எரர்லெவல் 1" என்பது 1க்குச் சமம் என்று பொருள்படாது. 1 அல்லது அதற்கு மேல் என்று பொருள்படும். பேட்ச் கோப்பில் "எக்ஸிட்" என்று மட்டும் எழுதினால் கட்டளைச் சாளரமே மூடும். "/பி" சேர்த்தால் கோப்பு மட்டும் முடியும்.

கிரானில் போட்ட வேலை தோற்றால் யார் சொல்வார்கள்?

குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரான், முடிவு எண்ணைப் பொருட்படுத்துவதில்லை. வேலை எதையாவது அச்சிட்டால் அதை மின்னஞ்சலாக அனுப்பப் பார்க்கும், அவ்வளவே. பலர் கிரான் வரியின் கடைசியில் எல்லா வெளியீட்டையும், வந்ததையெல்லாம் விழுங்கிவிடும் "டெவ் நல்" பக்கம் திருப்பிவிடுவதால் அதுவும் போய்விடுகிறது. மேலே சொன்ன ஆலையில் டம்ப் எழுதிய பிழைச் செய்தி ஒவ்வோர் இரவும் அங்கேதான் போய் விழுந்தது. கிரானைப் போலவே நேரம் பார்த்து வேலையைத் தொடங்கும் சிஸ்டம்டி டைமர் கொண்டு ஓட்டினால் தோற்ற வேலைகள் பதிவில் நிற்கும், "சிஸ்டம்சிடிஎல்" கட்டளையில் தெரியும்.

எங்கள் பக்கத்துக் கோடையில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மின்சாரம் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டால், எந்த முடிவு எண்ணும் வராது. தோல்வி என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. ஆகவே பேக்கப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, எல்லாச் சோதனைகளும் தேறிய பிறகு "எம்வி" கொண்டு உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். காலையில் அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்றால் வேலை முடியவில்லை என்பது உறுதி. பாதியில் விட்டுப்போன தற்காலிகக் கோப்புகளைத் துடைக்க "ட்ராப்" கட்டளையில் "எக்ஸிட்" என்ற பெயருக்கு ஒரு ஃபங்ஷனைக் கட்டிவைக்கலாம். சிக்னல் 9க்கும் மின்வெட்டுக்கும் அது ஓடாது என்பதால், அடுத்த முறை தொடங்கும்போதும் ஒருமுறை துடைத்துக்கொள்ள வேண்டும்.

ஷெல் அமர்வை முடிக்க எக்ஸிட், லாக்அவுட், கண்ட்ரோல் டி என்று மூன்று வழிகள் இருக்கின்றனவே, என்ன வேறுபாடு?

"எக்ஸிட்" எந்த ஷெல்லையும் முடிக்கும். "லாக்அவுட்" உள்நுழைவு ஷெல்லுக்கு, அதாவது கணினியில் நுழைந்தவுடன் தொடங்கும் ஷெல்லுக்கு, மட்டும் பொருந்தும். கண்ட்ரோல் டி சிக்னல் அன்று. உள்ளீடு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு மட்டுமே, ஆகவே வெற்று வரியில் அழுத்தினால்தான் ஷெல் முடியும். கை தவறி அழுத்துபவர்கள் "இக்னோர்ஈஓஎஃப்" என்ற மாறியை அமைத்துக்கொள்ளலாம்.

எண் எதுவும் சொல்லாமல் எக்ஸிட் தட்டினால், கடைசியாக ஓடிய கட்டளையின் எண்ணே அமர்வின் எண்ணாகும். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியே வேறொரு சர்வருக்குப் போய், அமர்வை முடித்து வந்த பிறகு 127 தெரிகிறதே என்று அஞ்சுபவர்கள், அங்கே கடைசியாக ஏதோ ஒரு கட்டளையைத் தவறாகத் தட்டியிருப்பார்கள். இணைப்பே தோற்றால் எஸ்எஸ்எச் சொல்வது 255.

கண்ட்ரோல் இசட் எதையும் முடிப்பதில்லை. நிறுத்தி மட்டும் வைக்கிறது. அதை வெளியேறும் வழி என்று நினைத்துப் பழகிய மாணவர் ஒருவரின் ஷெல்லில் "ஜாப்ஸ்" தட்டியபோது, நிறுத்தப்பட்ட ஏழு விம் எடிட்டர்கள் வரிசையாக வந்தன. அப்படிப்பட்ட நிலையில் எக்ஸிட் தட்டினால் பாஷ் முதல்முறை எச்சரிக்கும். உடனே மறுபடி தட்டினால் முடித்துக்கொள்ளும். எச்சரிக்கை வந்தால் ஜாப்ஸ் பார்த்து, சேமிக்காதவற்றை "எஃப்ஜி" கொண்டு முன்னால் கொண்டுவந்து சேமியுங்கள்.

ரயிலில் போகும்போது இணைப்பு அறுந்தால் சர்வரில் ஓடிக்கொண்டிருந்த வேலை என்ன ஆகும்?

காட்பாடியில் ஏறி ஜோலார்பேட்டை போவதற்குள் கைபேசி இணைப்பு விட்டு விட்டு வருவது இங்கே பலருக்கும் அனுபவம். எஸ்எஸ்எச் அமர்வு அறுந்தது என்று சர்வர் உணர்ந்ததும், உங்கள் ஷெல்லுக்குச் சிக்னல் 1 போகிறது. ஷெல் அதைத் தன் வேலைகளுக்கும் அனுப்புகிறது. அதைத் தடுக்க ஏற்பாடு இல்லாத வேலை அங்கேயே மடிகிறது. 128உடன் 1 கூட்டி 129 என்ற எண் பிறக்கும், ஆனால் அதைக் கேட்க ஷெல்லும் இருக்காது.

"நோஹப்" சேர்த்துத் தொடங்கினால் வேலை அந்தச் சிக்னலைப் பொருட்படுத்தாது. ஏற்கெனவே பின்னணியில் ஓடுவதை "டிஸ்ஓன்" கொண்டு ஷெல்லின் பட்டியலிலிருந்து விடுவிக்கலாம். இரண்டைவிடவும் நான் பரிந்துரைப்பது டிமக்ஸ். சர்வரில் நுழைந்தவுடன் டிமக்ஸைத் திறந்து அதற்குள் வேலையைத் தொடங்குங்கள். இணைப்பு அறுந்தாலும் அமர்வு சர்வரிலேயே உயிரோடு இருக்கும், வீட்டுக்குப் போய் "டிமக்ஸ் அட்டாச்" தட்டினால் விட்ட இடத்திலேயே திரை திறக்கும், வேலை முடிந்திருந்தால் "எக்கோ $?" தட்டி அதன் எண்ணையும் பார்த்துக்கொள்ளலாம்.